காய்ச்சற்கட்டி

இடது விலாவெலும்புக்குக் கீழே நாலு விரலைக் கூட்டிவைத்து, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு மெல்ல அழுத்தினால், உள்ளேயிருந்து ஒன்று இறங்கிவந்து விரல் நுனியில் முட்டும். பழுக்காத தோடங்காயைத் தோலுக்கடியில் ஒளித்துவைத்தது போல வழவழப்பாகவும் இறுக்கமாகவும் இருக்கும். மூச்சை விட்டால் மேலே போய்விடும். நான் சின்னவளாக இருந்த காலத்தில் வன்னிப் பிள்ளைகள் பலருக்கும் அது இருந்தது. "காய்ச்சற்கட்டி" என்று அதற்குப் பெயர். மலேரியா வந்து வந்து போகிற உடம்பில் கட்டி வைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதை ஒரு வருத்தமாக யாரும் எண்ணியதில்லை.

எண்ணாதது மட்டுமல்ல, அது இருந்தால் நல்லது என்றே நம்பினோம். "காய்ச்சல் கட்டிக்குள்ளை போய் ஒதுங்கிட்டுதெண்டால் பிறகு தலைக்கு ஏறாது, கட்டி வைச்ச பிள்ளை தப்பின பிள்ளை" என்று அம்மா சொல்லுவா. மூளைக்கு ஏறிய காய்ச்சலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தபடியால் அந்தப் பேச்சு எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. குளத்தில் குளிக்கிற பொடியன்கள் வயிற்றை எக்கிக்கொண்டு, யாருடைய கட்டி பெரிது என்று ஆளையாள் தொட்டுப் பார்ப்பார்கள். அதில் என் தம்பி ரூபனை வெல்ல ஆளில்லை. அவனுக்குக் "கட்டியன்" என்று பட்டமே வைத்திருந்தார்கள், அவனும் அந்தப் பெயருக்குப் பெரிய உத்தியோகக்காரன் மாதிரித் திரும்பிப் பார்ப்பான்.

நாங்கள் புளியங்குளத்திலிருந்து சண்டைக்கு இடம்பெயர்ந்து, விசுவமடுப் பக்கமாக ஒரு காட்டோரத்தில் கொட்டில் போட்டிருந்த நேரம் அது. தொண்ணூறுகளின் பிற்பாதி. அப்பா வவுனியாவுக்குச் சாமான் எடுக்கப் போனவர், பாதை பூட்டுப்பட்டு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். கொட்டிலில் அம்மா, நான், ரூபன், மூன்று பேர்தான். நான் எட்டாம் வகுப்பு, அவன் நாலாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம். அதற்கும் கிடுகுக் கூரை, மண்ணிருக்கை, பின்னால் முதிரை மரங்களுக்கு நடுவே பதுங்க வெட்டிய நீளப் பங்கர்.

விஞ்ஞானம் படிப்பித்தவ சாந்தி ரீச்சர். உயர்தரம் எழுதிவிட்டு மேலே படிக்கப் போக வழியில்லாமல் தொண்டர் ஆசிரியையாக வந்த இளம் பெண். நுணுக்குக்காட்டி எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை, சண்டையில் கிளிநொச்சி இருந்த இருப்பில் அங்கேயும் இருந்திராது. வெங்காயத் தோலை உரித்து வெளிச்சத்தில் பிடித்து, "இதுக்குள்ளை கலங்கள் அடுக்கடுக்கா இருக்கு, உங்கட கண்ணுக்குத் தெரியாது, நான் சொல்லுறதை நம்புங்கோ" என்பா. நம்பினோம். பிறகு கலத்திலிருந்து இழையம், இழையத்திலிருந்து அங்கம், அங்கத்திலிருந்து தொகுதி என்று பாடம் ஏறிக்கொண்டே போய், குருதிச் சுற்றோட்டத் தொகுதியில் வந்து நின்றது. செங்குழியங்கள் கிழடானதும் மண்ணீரலில் போய் அழிகின்றன என்று கரும்பலகையில் ஒரு மனிதனைக் கீறி, இடது பக்கத்தில் அவரை விதை போல ஒன்றைக் கீறினா. கீறிவிட்டுப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தா: "சுகதேகியின் மண்ணீரலை வெளியிலிருந்து தொட்டுணர முடியாது."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஆளாளுக்குச் சட்டைக்கு மேலால் விலாவுக்குக் கீழே கையை வைத்து, "எங்களுக்குத் தட்டுப்படுது ரீச்சர்", "புத்தகம் பிழை ரீச்சர்" என்று கத்தினோம். சாந்தி ரீச்சர் சிரிக்கவில்லை. சோக்குத் துண்டைக் கையில் வைத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றா. அந்தப் பார்வையில்தான் எனக்கு முதன்முதல் பயம் பிடித்தது. பிறகு அவா ஒளிக்காமல் சொன்னா. மலேரியாக் கிருமி செங்குழியங்களை உடைக்க உடைக்க, உடைந்ததை அள்ளி அள்ளி மண்ணீரல் வீங்குகிறது; வீங்கினால் தோல் மெலிகிறது; பலமாக அடிபட்டால் உள்ளுக்குள்ளேயே வெடித்து, வெளியில் ஒரு காயமும் இல்லாமல் இரத்தம் போய் ஆள் முடிந்துவிடும். "ஆரும் ஆளையாள் வயித்திலை இடிச்சு விளையாடக்கூடாது, விளங்கிச்சோ" என்றா. விளங்கியது. 

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. பிளேனுக்குப் பயப்படுவது எங்களுக்குப் பழக்கம்; அது வெளியிலிருந்து வரும், சத்தம் கேட்கும், ஓடி ஒளியலாம். இது தம்பியின் சட்டைக்குள் இருந்தது. அவன் வேலி பாய்ந்தால் கத்தி மறிப்பேன். சைக்கிள் பாருக்குள் கால் விட்டு ஓடினால் பின்னால் ஓடுவேன். "அக்காவுக்கு விசர்" என்று அவன் தன் கூட்டாளிகளுக்குச் சொல்லிச் சிரித்தான், சிரிக்கட்டும் என்று விட்டேன். காலையில் அவன் எழும்பமுன்னம் விரலை வைத்துப் பார்ப்பேன். பாயில் கிடந்தபடியே கூச்சத்தில் நெளிவான்.

அம்மாவுக்குச் சொன்னபோது முதலில் பேச்சுத்தான் விழுந்தது. "கட்டி வெடிக்கிறதாம், ஆரடி உனக்குச் சொன்னது? இருக்கிற வில்லங்கம் காணாதெண்டே?" ஆனால் இரண்டு நாள் யோசித்துவிட்டு அவாவே அவனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனா. அங்கே டொக்டரும் அதையே சொன்னாராம். குளிசை கொடுத்து, ஒழுங்காகப் போட்டால் வத்தும், வத்தும் வரைக்கும் விழாமல் பார்க்கச் சொன்னாராம். அம்மா வந்து குந்தியிருந்து, "நான் பெத்தது எனக்கே தெரியாமல் என்னத்தை வைச்சுக்கொண்டு திரிஞ்சுதடி" என்று அழுதா. மருந்துத் தட்டுப்பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான், என்றாலும் எங்கேயோ கேட்டுக் கெஞ்சிக் குளிசையை விடாமல் எடுத்துக் கொடுத்தா. கட்டியும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறத் தொடங்கியது. அதை என் விரல் அறிந்தது.

மிச்சம் இருந்தது பங்கர். குண்டு போடுகிற பொம்மர் இரைகிற சத்தம் கேட்டால் சின்னப் பிள்ளைகள் முதலில் இறங்கி நிலத்தோடு படுக்கவேண்டும், பெரிய பிள்ளைகள் அவர்களுக்கு மேலால் கவிழ்ந்து மறைக்கவேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தின் ஒழுங்கு அது. சின்னனுகளைக் காக்கத்தான் அந்த ஒழுங்கு. ஆனால் அதன்படி நாலாம் வகுப்புக்காரன் ரூபன் அடியில் கிடக்கவேண்டும், அவன் வயிற்றுக்கு மேலே ஆட்கள் விழுவார்கள். நான் சாந்தி ரீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவா அதிபரோடு கதைத்து, ரூபன் மட்டும் எல்லோரும் இறங்கின பிறகு, பக்கவாட்டில் வெட்டியிருந்த படிக்கட்டு வழியாகத் தனியே மெல்ல இறங்கலாம் என்று ஏற்பாடு செய்து தந்தா.

பொம்மர் வந்த நாள் காலை இடைவேளை. இரைச்சல் கேட்டதும் எல்லோரும் முதிரை மரங்களை நோக்கி ஓடினோம். ரூபன் சொன்னபடியே படிக்குப் பக்கத்தில், காதைப் பொத்திக்கொண்டு, தன் முறை வரட்டும் என்று நின்றான். நான் பங்கருக்குள் கிடந்தபடி அவனுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக ஓடி வந்தவர் பதினோராம் வகுப்பு அண்ணா ஒருவர். அவருக்கு எங்கள் ஏற்பாடு தெரியாது. பொம்மர் குண்டு போடப் பதிகிற நேரத்தில் ஒரு சின்னப் பொடியன் வெளியில் தனியே நிற்பதைத்தான் அவர் கண்டார். ஓடிவந்த வேகத்தில் அவனை அள்ளி அணைத்து, அப்படியே பங்கருக்குள் பாய்ந்து, அவனுக்கு மேலே தானும் கவிழ்ந்து விழுந்தார். அடுத்த நொடி நிலம் அதிர்ந்தது, மண் கொட்டியது. குண்டு தூரத்தில் காட்டுக்குள் விழுந்திருந்தது.

வெளியே வந்து மண்ணைத் தட்டினோம். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. நான் ரூபனின் சட்டையைத் தூக்கி வயிற்றைத் தடவித் தடவி, "நோகுதோ, இஞ்சை நோகுதோ" என்று கேட்டேன். "இல்லையடி" என்றான், வெட்கத்தோடு சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு. அந்த அண்ணா அவனுடைய தலையைக் குழப்பிவிட்டு, "கட்டியா, பயந்திட்டியே?" என்று கேட்டார். அவன் சிரித்தான்.

மத்தியானம் வீட்டில், தோள் நோகிறது என்றான். இடது தோள். பாய்ந்ததில் சுளுக்கியிருக்கும் என்று அம்மா நல்லெண்ணெய் சுடவைத்துத் தேய்த்துவிட்டா. எனக்கு அதைக் கேட்டதும் வந்தது நிம்மதி. தோள்தானே, வயிறில்லைத்தானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். படித்த பாடத்தில் தோளைப் பற்றி ஒன்றும் இருக்கவில்லை. பொழுதுபடத் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டான். உதடு வெளிறி, உடம்பு குளிர்ந்து வியர்த்தது. அம்மா ஒழுங்கையில் நின்று குழற, ஓடி வந்தவர் அதே அண்ணா. தன் சைக்கிளில் அவனை ஏற்றி, பின்னால் அம்மா தாங்கிப் பிடித்துவர, கிறவல் ரோட்டில் உழக்கினார். நான் பின்னால் ஓடினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரூபன் முடிந்திருந்தான்.

டொக்டர் அவனுடைய வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "இடது தோள் நோகுதெண்டு சொன்னவரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். மண்ணீரல் வெடித்து உள்ளே தேங்குகிற இரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற பிரிமென்றகட்டை உறுத்தும், அந்த நரம்பு தோளில் போய்த்தான் நோகும் என்று அவர் மெல்லச் சொன்னார். பிறகு அம்மாவைப் பார்த்து, "எங்கையாவது விழுந்தவரோ? ஆரும் அவருக்கு மேலை விழுந்தவையோ?" என்று கேட்டார். அந்த அண்ணா தண்ணீர் எடுக்க முற்றத்துக்குப் போய், அப்போதுதான் சிரட்டையோடு வாசலில் வந்து நின்றார். சைக்கிள் உழக்கியதில் சேட்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அம்மா அவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"இல்லை ஐயா. ஒண்டும் நடக்கேல்லை. காய்ச்சல்காரப் பிள்ளை" என்றா.

செத்த வீடு முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை என்னிடம் அதைப் பற்றிக் கதைத்தா. "அந்தப் பிள்ளை என்ரை பிள்ளையைக் காக்கத்தான் பாய்ஞ்சது. அதுக்குத் தெரிஞ்சால் அது உயிரோடை இருக்காது. ஒரு பிள்ளை போனது காணும்." பாதை திறந்து அப்பா வந்தபோது அவருக்கும் காய்ச்சல் என்றுதான் சொன்னா. அப்பா கடைசிவரைக்கும் காய்ச்சலைக் கொண்டுவந்த நுளம்பைத்தான் திட்டினார்.

இப்போது நாட்டில் மலேரியா இல்லை. இளம் டொக்டர்மாருக்குக் காய்ச்சற்கட்டியைப் படத்தில்தான் தெரியும். பங்கர்களை மூடி வாழை வைத்துவிட்டார்கள், அந்தக் கொட்டில் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் மீண்டும் பற்றைக் காடு. அம்மாவும் இல்லை. அந்த அண்ணா இருக்கிறார், அதனால்தான் இதில் பெயர்களையெல்லாம் மாற்றி எழுதியிருக்கிறேன். ரூபனுக்கு நாங்கள் ஆண்டுதோறும் வைக்கிற படையலுக்கு அவர் தவறாமல் வருவார். அம்மா இருந்த காலத்தில் முதல் இலை அவருக்குத்தான் போடுவா.

அம்மா இல்லாத முதல் படையலுக்குத் தன் மகளையும் கூட்டிவந்திருந்தார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளை, கெட்டிக்காரி. சாப்பாட்டுக்கு நடுவில் அவர் வழமைபோலத் தொடங்கினார். "குண்டுக்குத் தப்பினவனைக் காய்ச்சல் கொண்டுபோட்டுது பாருங்கோ. நான்தான் அண்டைக்குக் காலமை அவனைத் தூக்கிக்கொண்டு பாய்ஞ்சனான். பின்னேரம் சைக்கிளிலை வரேக்கை தோள் நோகுது, தோள் நோகுது எண்டுகொண்டு வந்தவன், பாவம்."

மகள் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். தகப்பனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அவள் எதைப் படித்திருக்கிறாள் என்பது எனக்கு விளங்கிவிட்டது. கரும்பலகைக்கு முன்னால் இருந்தபோது வந்த அந்தப் பயம் அப்படியே திரும்பி வந்தது.

"அன்ரி, எந்தப் பக்கத் தோள்?" என்று கேட்டாள்.

"வலது" என்றேன். "வலதுதான் பிள்ளை, எனக்கு நல்ல ஞாபகம்."