அம்மா எழுதாத கடிதம்

பாரிசில் நாங்கள் இருந்த லா ஷப்பலில் தமிழ் காதில் விழாமல் பத்து அடி நடக்க முடியாது. ஆனால் அங்கிருந்து கால்மணி நேர நடையில் இருந்த என் கத்தோலிக்கக் கொலேஜில் தமிழ் பேசும் ஒரே ஆள் நான்தான். பிரான்சில் கொலேஜ் என்பது பதினொரு வயதில் போய்ச் சேரும் பள்ளிக்கூடம். அப்பா அந்த விளக்கமெல்லாம் கொடுக்காமல், மகள் கொலேஜில் படிக்கிறாள் என்று ஊருக்கு போனில் சொல்லிவிடுவார். பெரியம்மா ஒருமுறை, அப்படியென்றால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கலாமா என்று கேட்டுவிட்டார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

ஒழுக்கமும் தேவபக்தியும் வரட்டும் என்றுதான் என்னை அங்கே சேர்த்தார்கள். அப்பாவுக்கு ரூ லூயி-பிளாங் தெருவில் ஓர் உணவகத்தின் குசினியில் சமையல் வேலை. அம்மா விடியற்காலையிலும் பின்னேரத்திலும் அலுவலகங்களைத் துப்புரவாக்கப் போவார். இரண்டு பேருக்கும் பிரெஞ்சு வாசிக்க வராது. வீட்டுக்கு வரும் பப்பியே, அதாவது கடிதம், படிவம் எல்லாவற்றையும் வாசித்துத் தமிழில் சொல்வது என் உத்தியோகம். சம்பளம் இல்லை, விடுமுறையும் இல்லை.

அந்த வருடம் எங்கள் வகுப்புக்கு இரண்டு நாள் தியானம் ஒழுங்கு செய்திருந்தார்கள். பாரிசுக்கு வெளியே ஒரு மடத்தில் தங்கி, மௌனமாக இருந்து, கடவுளின் குரலைக் கேட்கப் பழக வேண்டுமாம். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு கொலேஜிலிருந்து ஒட்டிய உறை ஒன்று தபாலில் வந்தது. அம்மா அதை வழக்கம்போல என் கையில் தந்து, என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்.

பெற்றோருக்கு மட்டும் என்று மேலேயே எழுதியிருந்தது. உங்கள் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அவரில் நீங்கள் காணும் நல்லதை எழுதுங்கள், அவரை எவ்வளவு நேசிக்கிறீர்கள் என்று எழுதுங்கள், தியானத்தின் இரண்டாம் நாள் சிற்றாலயத்தில் வைத்துக் கொடுப்போம், பிள்ளைக்கு மட்டும் தெரிய வேண்டாம். இதுதான் விஷயம். தெரியக்கூடாத பிள்ளை உரத்து வாசிக்க வாயைத் திறந்தபடி நின்றேன்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அம்மா, என்னில் விருப்பம் என்று எனக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்றா? எங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் ஒருவருக்கும் சொன்னதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மழை அங்கியும் ரப்பர் சப்பாத்தும் கொண்டுவரட்டாம் என்று சொல்லிவிட்டேன். பாவம், அம்மா அன்றைக்கே போய் ஒரு சோடி ரப்பர் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தார்.

ஆனால் முப்பது பேருக்குக் கடிதம் வந்து எனக்கு மட்டும் வராமல் போனால்? கடைசியில் நானே எழுதினேன். அம்மா தமிழில் முத்து முத்தாக எழுதுவார் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. கொலேஜுக்குப் போகும் எதுவும் பிரெஞ்சில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். எங்கள் செல்லமே என்று தொடங்கினேன். உன்னை நினைக்கப் பெருமையாக இருக்கிறது, உன்னை மிகவும் நேசிக்கிறோம் என்று எழுதினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. பேனையைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு இப்படி எழுதினேன்: மத்தியானம் சாப்பாட்டறையில் உனக்குப் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை என்று எங்களுக்குத் தெரியும். நீ சொல்லாவிட்டாலும் தெரியும். உறையை ஒட்டி, அம்மா தந்துவிட்டார் என்று அலுவலகத்தில் கொடுத்தேன்.

மடத்தில் இரண்டு நாளும் வானம் ஒரு துளி சிந்தவில்லை. நான் ரப்பர் சப்பாத்தோடு சளக் சளக்கென்று நடந்து திரிந்தேன். மௌனம் மற்றப் பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாடாக இருந்தது. எனக்கு அது வருடம் முழுவதும் பழகிய சங்கதி. மறைக்கல்வி ஆசிரியை என்னைத்தான் எல்லோருக்கும் முன்மாதிரியாகக் காட்டினார்.

இரண்டாம் நாள் மெழுகுதிரிகளைக் கொளுத்தி வைத்து, பெயர் கூப்பிட்டுக் கடிதங்களைக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஆலயம் முழுக்க விம்மல். வகுப்பில் பெரிய சண்டியனாகத் திரிந்தவன்கூட மூக்கை உறிஞ்சினான். நானும் என் உறையைப் பிரித்து முதல்முறை பார்ப்பதுபோல் வாசித்தேன். அழுகை வரவில்லை. இரண்டாம் வரியில் ஓர் எழுத்துப்பிழைதான் கண்ணில் பட்டது. அன்றைக்கு இருந்த தனிமையை நான் வேறு எங்கும் அனுபவித்ததில்லை. கடவுளிடம் கேட்கவும் பயமாக இருந்தது, அவருக்கு இது யார் எழுதியது என்று தெரியுமே.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மா என் பையைக் கொட்டி உடுப்புகளைப் பிரித்தபோது கடிதம் வெளியே விழுந்தது. கொலேஜிலிருந்து முறைப்பாடு ஏதும் எழுதி அனுப்பியிருக்கிறார்களோ என்று பயந்துவிட்டார். இல்லை, பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு அவளுடைய அம்மா எழுதியது, மாறி என் பைக்குள் வந்துவிட்டது என்றேன். அம்மா நம்பவில்லை. வாசித்துக் காட்டு என்றார்.

வாசித்தேன். பிரெஞ்சைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னேன். உன்னில எங்களுக்குச் சரியான விருப்பம் என்று சொன்னபோது நாக்குத் தடுமாறியது. சாப்பாட்டறை வரி வந்ததும் அம்மா மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்துவிட்டார்.

"அந்தப் பிள்ளை தனியவோ சாப்பிடுறது?"

"ஓம்."

சட்டையைத் திரும்ப எடுத்து மடித்தார். பிறகு, எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கடிதம் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன்.

"உனக்கும் வந்ததோ, குஞ்சு?"

"எனக்கும் வந்தது."

யார் எழுதியது என்று அம்மா கேட்கவில்லை. அப்பாடா, தப்பினேன் என்று இருந்தது.

அடுத்த கிழமை அம்மா என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் தனியாகக் கொலேஜ் அலுவலகத்துக்குப் போனார். தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லை வைத்துக்கொண்டு, இனி மகள் மத்தியானம் வீட்டில்தான் சாப்பிடுவாள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, அந்தச் சாப்பாடு உனக்குக் காணாது என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் என்னைக் கூட்டிப்போகக் கொலேஜ் வாசலில் வந்து நின்றார். விடிய நாலு மணிக்கு எழும்பும் அம்மாவுக்குக் கண்ணயரக் கிடைத்த ஒரே நேரம் அதுதான்.

எனக்கோ கோபம் கோபமாக வந்தது. இந்தப் பெரிய வகுப்பில் சின்னப்பிள்ளை மாதிரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போவதா? வீட்டில் சோற்றைப் போட்டுத் தந்துவிட்டு, தான் சாப்பிடாமல் எனக்கு எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறேனா என்று காவல் இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவசர அவசரமாக விழுங்கிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் எழும்பிவிடுவேன்.