முழங்கையால் இடித்துத் திறக்கும் கதவு

எங்கள் அப்பாவின் கறுப்பு வண்டிக்கு ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து லேசில் திறக்காது. கைப்பிடியை மேலே தூக்கிக்கொண்டே, கண்ணாடிக்கு நாலு விரல் கீழே, ஒரே ஒரு இடத்தில் முழங்கையால் இடிக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி இடித்தால் கை வீங்குமே தவிரக் கதவு அசையாது. அந்த இடத்தைக் கண்டுபிடித்தவள் நான்தான். எட்டாவது படிக்கும்போது வண்டிக்குள் தனியாக மாட்டிக்கொண்டேன். இரண்டே கதவு வண்டி, இடப்பக்கக் கதவு ஷெட் சுவரை ஒட்டி நின்றது. அழுதுகொண்டே கண்ட இடத்தில் எல்லாம் இடித்ததில் சட்டென்று திறந்துகொண்டது. பிறகு அப்பாவுக்கும் அண்ணனுக்கும் காட்டிக்கொடுத்தேன். உலகத்தில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது.

ஐம்பதுகளில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த வண்டி. அரசாங்க வேலையில் இருந்த அப்பா அதை மூன்றாம் கையாக வாங்கினார். இடது ஹெட்லைட்டின் வளையம் மட்டும் வேறு ஏதோ வண்டியுடையது, கொஞ்சம் அகலம். டிவியில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடி, அதில் இந்த மாதிரி வண்டி ஒன்று மலைப்பாதையில் பறந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். அப்பா சிரிப்பார்.

"பயப்படாதம்மா. இப்ப பாரு, கட் பண்ணுவான். நல்ல வண்டிய எவனாவது தள்ளுவானா? வுழறது எஞ்சின் இல்லாத ஓட்ட டப்பா."

உற்றுப் பார்த்தால் உண்மைதான். துரத்துவது ஒரு வண்டி, பள்ளத்தில் உருள்வது வேறு வண்டி. அந்த ஒட்டுவேலையைக் கண்டுபிடிப்பதே எங்கள் வீட்டு விளையாட்டாக இருந்தது.

அண்ணனுக்குக் கார் பந்தயப் பைத்தியம். தொண்ணூற்றொன்றிலிருந்து நாலைந்து வருஷம், ஞாயிறு தவறாமல் ஊருக்கு வெளியே பொம்மசந்திரா தாண்டி ஒரு செம்மண் மைதானத்துக்குப் போவான். மூங்கில் நட்டு வளைவு குறித்திருப்பார்கள். தன்னுடைய பழைய சின்ன காரின் சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு அதில்தான் ஓட்டுவான். அவனுக்கு நேரம் குறிப்பது நான். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு அதுதான் வேலை, ஒரு துளை போட ஒரு ஆள் எத்தனை வினாடி எடுக்கிறான் என்று ஸ்டாப்வாட்ச் பிடித்துக் குறிப்பது. அந்த ஸ்டாப்வாட்ச்சைச் சனிக்கிழமை கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, திங்களன்று சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிடுவேன். மைதானத்தில் கூட்டம் என்று ஒன்றும் கிடையாது. ஓட்டுகிறவர்களின் சிநேகிதர்கள் கொஞ்சம் பேர், ஒரு டீக்காரர், நான். பின்னலுக்குள் எல்லாம் செம்மண். அவன் ஓட்டிய ஒவ்வொரு சுற்றையும் நான் கண் கொட்டாமல் பார்த்திருக்கிறேன்.

அப்பா போன பிறகு வண்டி ஷெட்டில் நின்றது. விற்க வேண்டுமானால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா போட்டாள், அண்ணன் போட்டான், நான் நாலு மாதம் பிடிவாதமாக இருந்தேன். ஒருநாள் அண்ணன் என் புகுந்த வீட்டுக்கே விற்பனைப் படிவத்தோடு வந்தான்.

"சிக்மகளூர்ல ஒரு எஸ்டேட்காரரு மா. பழைய வண்டின்னா உசுரு. பொத்திப் பொத்தி வெச்சுப்பாரு. அப்பா மேல சத்தியம்."

அப்பா மேல் சத்தியம் என்றதும் போட்டுவிட்டேன்.

ஒரு வருஷம் கழித்து, பீன்யா பஸ் ஸ்டாப் சுவரில் ஒரு கன்னடப் பட போஸ்டர். கதாநாயகன் சாய்ந்து நிற்கும் கறுப்பு வண்டியின் இடது ஹெட்லைட் வளையம் கொஞ்சம் அகலம். எனக்குத் தலைகால் புரியவில்லை. எஸ்டேட்காரர் சினிமாவுக்கு வாடகைக்கு விட்டிருப்பார் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சும்மா இரு மா. படம் நல்லால்லையாம்" என்றான். நான் விடுவேனா? மூன்று டிக்கெட் வாங்கினேன். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். அவள் கூப்பிட்டதால் அவனும் தட்ட முடியாமல் வந்தான்.

திரையில் வண்டி வந்ததும் அம்மா அழுதேவிட்டாள். அப்படிப் பளபளவென்று அப்பா காலத்தில்கூட இருந்ததில்லை. கடைசியில் துரத்தல். செம்மண் பாதையில் வண்டி வளைவுக்கு வளைவு பின்பக்கத்தை வீசிக்கொண்டு போன அழகில் தியேட்டரே விசில் அடித்தது. அந்த வீச்சு எனக்குப் பழக்கமானது. ஆனாலும் அந்த நிமிஷம் மூளை ஓடவில்லை. எதிரே கல்குவாரிப் பள்ளம். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"பயப்படாதம்மா" என்றேன், அப்பா மாதிரியே. "இப்ப கட் பண்ணுவான். வுழப்போறது வேற வண்டி."

கட் பண்ணவில்லை. கதாநாயகனின் சட்டை போட்ட ஆள் கைப்பிடியைத் தூக்கினான். கண்ணாடிக்கு நாலு விரல் கீழே முழங்கையால் ஒரே ஒரு இடி. கதவு திறந்தது. அவன் உருண்டு விழுந்தான், வண்டி அதே ஓட்டத்தில் பள்ளத்துக்குள் போயிற்று. மூன்று தடவை உருண்டது. நான் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தேன். அவன் தன் முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தான்.

படம் முடிந்து அம்மா பாத்ரூம் போனபோது ஸ்கூட்டர் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தேன். எஸ்டேட்காரரே கிடையாது. சினிமாக்காரர்களிடம் நேராகவே கொடுத்திருக்கிறான். படத்தில் வண்டியைத் தானேதான் ஓட்டுவேன் என்பது அவன் போட்ட நிபந்தனை.

"கதவு தொறக்கலன்னா என்னடா பண்ணியிருப்ப?" என்றேன். அவனை 'டா' போட்டது அன்றைக்குத்தான்.

"தொறக்கும்னு தெரியும் மா. நீ காட்டுன எடம்தானே."

அறைந்திருக்கலாம். கை வரவில்லை.

"ஏண்ணா பண்ண?"

"எத்தன வருஷம் அந்த மண்ணுல ஓட்டினேன். யாரு பாத்தா? ஒரு தடவையாவது ஜனங்க பாக்கட்டும்னுதான்."

அவன் வண்டியைக் கொன்றதுகூட அப்புறம்தான் வலித்தது. முதலில் வலித்தது இதுதான். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் வெயிலில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றவள் அவன் கணக்கில் ஆளே இல்லை. 'அப்ப நான் யாருண்ணா?' என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா வந்துவிட்டாள், முகம் கழுவிக்கொண்டு, சிரித்தபடி.

"நீ சொன்ன மாதிரியே வேற வண்டிதாம்மா உருண்டுச்சு. நான்கூட ஒரு நிமிஷம் பயந்துட்டேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். கெஞ்சவில்லை, சும்மா பார்த்தான். "ஆமாம்மா, வேற வண்டிதான்" என்றேன்.

இப்போதும் அப்பாவின் திதிக்கு எல்லோரும் கூடும்போது, சாப்பாடு முடிந்ததும் அம்மா கேட்பாள், எஸ்டேட்காரர் வண்டியை நன்றாக வைத்திருக்கிறாரா என்று. முதல் வருஷம் மட்டும் அண்ணன் பதில் சொன்னான். அதற்குப் பிறகு அவன் இலையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். பதில் சொல்வது நான்தான்.

"நல்லா வெச்சிருக்காரும்மா."