திறப்பைக் கொடுக்க ஒருவர்

எக்ஸ்ரே எடுப்பது என் தொழில். படிக்கும் காலத்தில் எலும்புகளின் பெயர்களோடு அவற்றின் வேர்ச்சொற்களையும் சேர்த்துப் பாடமாக்கினேன். கழுத்தடியிலிருந்து தோள்வரை ஓடும் காறை எலும்பைப் பழைய கிரேக்கர் கிளெயிஸ் என்றார்கள். அந்தச் சொல்லுக்குத் தாழ்ப்பாள் என்றும் சாவி என்றும் பொருள். படகில் துடுப்பு வலிப்பவர் அமரும் பலகையும், இரு கரைகளுக்கு நடுவே ஒடுங்கும் கடலும்கூடக் கிளெயிஸ்தான். சாவியை யாழ்ப்பாணத்தில் நாங்கள் திறப்பு என்போம். காறை எலும்பு போய் முடியும் இடமோ தமிழில் தோள்பூட்டு. கிரேக்கத் திறப்பு தமிழ்ப் பூட்டில் போய்ப் பொருந்துகிறது என்று கண்டபோது தனியாகச் சிரித்துக்கொண்டேன். சொல்வதற்கு ஆள் இருக்கவில்லை.

போன குளிர்காலத்தில், குடியேறிய நகரின் லின்ஃபீல்ட் பகுதியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் ஈரப் படியில் வழுக்கி, அதே எலும்பை முறித்துக்கொண்டேன். கையைத் துணியில் தொங்கவிட்டுக் கட்டிய தாதி, வீட்டில் வேறு யார் என்று கேட்டார். ஒருவருமில்லை என்றேன். அப்படியென்றால் வீட்டுத் திறப்பு ஒன்றை அருகில் யாரிடமாவது கொடுத்து வையுங்கள், குளியலறையில் விழுந்தால் உள்ளே வர ஒருவர் வேண்டும் என்றார். தலையாட்டினேன்.

வேலையிடத்துத் தோழி இருப்பது நகரின் மறுகோடியில், வெஸ்ட்கேட்டில். அம்மா வேறு நாட்டில். பக்கத்து வீட்டில் தமிழ்நாட்டு அக்கா ஒருவர் இருந்தார். குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது கையசைப்பதோடு எங்கள் பழக்கம் சரி. பகலில் போய் அவர் கதவைத் தட்டினேன்.

"அக்கா, என்ர திறப்பை உங்களிட்டத் தரலாமோ?"

அவர் என் கைக்கட்டைப் பார்த்தார். "எதைத் திறக்கணும்? ஜாம் பாட்டிலா? கொண்டாம்மா. இந்தக் கையோட நீ எப்படித் திறப்பே?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வசனம் அது ஒன்றுதான். வேறு வசனம் கைவசமில்லாமல் திரும்பிப் போய் ஊறுகாய்ப் போத்தலை எடுத்துவந்தேன். ஒரே திருகில் திறந்துகொடுத்தார்.

"வேற?"

"சாவி அக்கா," என்றேன். "வீட்டுச் சாவி. நான் விழுந்தா நீங்கள் உள்ளுக்கு வரவேணும்."

"அட, அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? ஊறுகாய்க்குப் போயா இந்தப் பொண்ணு இவ்ளோ தயங்குதுன்னு பார்த்தேன்." திறப்பை வாங்கி, அதில் கட்ட ஓர் அட்டைத்துண்டைத் தேடி எடுத்தார். பேனாவைத் திறந்துகொண்டு நிமிர்ந்தார். "உன் பேரென்னம்மா? எழுதணுமே."

சொன்னேன். பிழையாகத் திருப்பிச் சொன்னார். திருத்தினேன்.