வீட்டுக்காரம்மா கேட்ட தெரு

வெள்ளைத்தாய் காய்ச்சலில் கிடந்தபோது, அவளுடைய தறியையும் சேர்த்து ஓட்டிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தவள் பொன்மணி. ராஜபாளையத்தில் இருவருக்கும் பேண்டேஜ் துணி நெய்கிற வேலை.

மகனோடு தூத்துக்குடியில் இருக்க, பொன்மணி முதன்முதலாக ஒரு வீடு பார்த்தாள். விலை படிந்தது. புது வீட்டில் முதலில் வைக்க ஆண்டாள் சன்னதியில் வைத்து எடுத்த உப்பு மஞ்சளோடு, வெள்ளைத்தாயையும் கூட்டிக்கொண்டு பேச்சை முடிக்கப் போனாள்.

வீட்டுக்காரம்மா காபி கொடுத்துவிட்டு, "ராஜபாளையத்துல எந்தத் தெரு?" என்றாள். அங்கே தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். பொன்மணி மறைக்காமல் சொன்னாள்.

"வீட்ட விக்கிற யோசனை இல்லம்மா. உங்காளுக உப்பளத்துப் பக்கம் இருக்காவ, அங்க பாருங்க."

வெள்ளைத்தாய்க்குப் பற்றி எரிந்தது. சாமிக்கு விளக்கேற்றிய வீட்டில் பேசுகிற பேச்சா இது?

"வேற தெருவச் சொல்லித் தொலைச்சா என்னட்டி?" என்றாள் வெளியே வந்ததும்.

"எதுக்கு? நான் என்ன களவாங்கிட்டா வந்தேன்?"

பிறகு துறைமுகத்துப் பக்கம், தெருவோ சாதியோ கேட்காத ஜோயல் என்பவரிடம் பொன்மணி வீடு வாங்கினாள். திருப்பிக் கொண்டுவந்த அதே உப்பைத்தான் அங்கே வைத்தாள். பால் காய்ச்சிய அன்று வெள்ளைத்தாயைப் பஸ் ஏற்றிவிடும்போது கடைசியாகச் சொன்னாள்:

"அந்தம்மாவே என் வாசல்ல வந்து நின்னாலும் எந்தத் தெருன்னு கேக்க மாட்டேன். ஆனா அவ வீட்ல குடிச்ச காபி இன்னும் கசக்கு, ஏட்டி."