ராசியான ஃபைலும் புனிதாவின் முதல் போர்டும்

சிலிபினில் வசிக்கும் புனிதாவுக்கு நாற்பத்து மூன்று வயது. அதில் பதினெட்டு வருடம் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் வரைந்த சர்க்கியூட் போர்டுகளுக்கு ஈயம் வைத்தாள். வைத்துக்கொண்டே வரைந்தவர்களைத் திட்டினாள். “இந்தச் சந்துல கை போகுமா? இத வரஞ்ச மகராசன் வந்து செஞ்சு காட்டட்டும்லா.” ஒருநாள் இது முதலாளி அஸ்வானின் காதில் விழுந்தது. “அப்ப நீயே வரையேன்” என்றார். எரிச்சலில் சொன்னாரா, யோசித்துச் சொன்னாரா என்பது அவருக்கே தெரியாது. புனிதா யோசித்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். இரண்டு வருடம் சனி ஞாயிறுகளில் வகுப்புக்குப் போய், சான்றிதழோடு மாடி ஏறினாள்.

மாடியில் மூன்று மாதம் தற்காலிகம். முதல் போர்டுக்கு, சொன்ன வெள்ளிக்கிழமையில், அஸ்வான் தொழுகைக்குக் கிளம்புவதற்குள் அவர் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். வாங்கினால் மேலேயே வேலை. இல்லையென்றால் பழையபடி கீழே, ஈயம்.

போர்டு, தெலுக் இந்தான் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளுக்கானது. ஏறிய எடையைப் பார்த்து ரேடியோ வழியாக ஆலைக்குச் சொல்லும். மின்சாரம் செம்புத் தடத்தில் ஓடும்போது வழியிலேயே கொஞ்சம் வோல்டேஜ் குறையும். அதிகம் குறைந்தால் கடைசியில் இருக்கும் சிப் மயங்கிவிடும். எங்கே எவ்வளவு குறைகிறது என்பதை, போர்டைச் செய்வதற்கு முன்பே மென்பொருள் கணக்குப் போட்டு வண்ணப் படமாகக் காட்டும். குறைவான இழப்புக்கு நீலம், அதிகத்துக்குச் சிவப்பு.

கணக்குக்கு முன் எந்த சிப் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். அந்த அலுவலகத்தில் யாரும் அதைப் புதிதாகத் தட்டுவதில்லை. நாலு வருடத்துக்கு முன் ஒரு போர்டு முதல் தடவையிலேயே பாஸானது. அன்றிலிருந்து எல்லாப் போர்டும் அதன் ஃபைலைக் காப்பி பண்ணித்தான் தொடங்கும். அதற்கு ‘ராசியான ஃபைல்’ என்றே பெயர். அஸ்வானுக்கு ராசியில் நம்பிக்கை கிடையாது. மார்க்கத்தில் கூடாது என்பார். அதைக் காப்பி பண்ணாமல் தொடங்கினால் மட்டும், “எதுக்குச் சும்மா ரிஸ்க்?” என்பார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு முதல் படம் வந்தது. பக்கத்து மேசை தீபன், காம்பாரில் பட்டம் வாங்கிய இன்ஜினியர், எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

“அலாமாக்! பிராசசர் பக்கம் ஒரே ரத்தமா இருக்குக்கா.”

“கலர பாக்காத தம்பி, ஓரத்துல நம்பர பாரு.”

ஒன்பது மில்லிவோல்ட். முப்பது வரை போகலாம். இருப்பதில் எது அதிகமோ அதற்கு மென்பொருள் சிவப்பு பூசிவிடும். வகுப்பில் எல்லாரும் முப்பத்தேழு மார்க் என்றால் முப்பத்தெட்டு எடுத்தவன் முதல் மாணவன் ஆவதைப் போல.

அடுத்து ரேடியோவுக்குப் போகும் மின்சாரம். படம் முழுக்க ஒரே நீலம்.

“இதுதான்க்கா படம்! ஃபிரேம் போட்டு மாட்டலாம்” என்றான் தீபன்.

அஸ்வான் பேனாவோடு வந்து நின்றார். “முடிஞ்சுச்சா? சைன் பண்ணிரவா?”

புனிதா ஓரத்து நம்பரைப் பார்த்தாள். சைபர். கிட்டத்தட்ட சைபர் அல்ல, சுத்தமான சைபர். இழப்பே இல்லாமல் ஓடும் மின்சாரத்தை அவள் பதினெட்டு வருடத்தில் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் அரை நிமிடத்தில் மாடி வேலை அவளுடையது. அந்த அரை நிமிடத்தில் பாதியை அவள் நன்றாகவே அனுபவித்தாள்.

“சைன் பண்ணாதீங்க பாஸ்.”

“ஏன்? அழகா இருக்கே?”

“ரொம்ப அழகா இருக்கு. ரேடியோ கரண்டே இழுக்கல.”

பட்டியலைத் திறந்தாள். ரேடியோ சிப்புக்கு நேரே பூஜ்யம். நாலு வருடத்துக்கு முந்தைய போர்டில் ரேடியோவுக்கு இடம்தான் இருந்தது, ரேடியோ இல்லை.

“இத யாரு பாக்காம விட்டது?”

“நான்தான் பாஸ்.”

“அந்த ஃபைல யாரு காப்பி பண்ணச் சொன்னது?”

தீபன் கூரையைப் பார்த்தான். புனிதா முதலாளியைப் பார்த்தாள். “நீங்கதான் பாஸ்.”

அஸ்வான் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். “சரி சரி, ரன் பண்ணு. ஒரு மணிக்கு நான் போகணும்.”

சரியான கரண்டைப் போட்டு ஓடவிட்டாள். பன்னிரண்டு நிமிடம் கழித்து நிஜமான சிவப்பு வந்தது: நூற்று நாற்பது மில்லிவோல்ட். ரேடியோவுக்கு நூறைத் தாண்டக் கூடாது. இரண்டு ஸ்க்ரூ துளைகளுக்கு நடுவில் செம்புத் தடம் கழுத்தைப் போல ஒடுங்கியிருந்தது. பெட்டி ஏற்கெனவே தயார், துளையை நகர்த்த முடியாது.

“திங்கக்கிழமை பாத்துக்கலாம்க்கா.”

“திங்கக்கிழமைக்கு நான் கீழ இருப்பேன்லா!”

போர்டின் உள் அடுக்கைத் திறந்தாள். அங்கே இடம் சும்மா கிடந்தது. அதில் இன்னொரு அகலமான செம்புத் தடத்தைப் போட்டு, மேலடுக்கோடு சேர்க்கக் குட்டிக் குட்டித் துளைகளை வரிசையாக வைத்தாள். மறுபடி ஓடவிட்டபோது மணி பன்னிரண்டு நாற்பத்தைந்து.

அஸ்வான் சொங்கோக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றார். போகவும் இல்லை, பார்க்கவும் இல்லை. ஃபோனில் எதையோ தீவிரமாகப் படித்தார். ஃபோன் தலைகீழாக இருந்ததை தீபன் மட்டும் கவனித்தான்.

“அறுபத்திரண்டு!” என்று கத்தியது தீபன்தான்.

அஸ்வான் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். பாராட்டெல்லாம் அவருக்கு வராது. வாசல்வரை போனவர் திரும்பி, “புனிதா, உன் மேசையில ஃபேன் காத்து வராது. திங்கக்கிழமை ஜன்னல் பக்கம் வந்துரு” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அது வேலை உறுதி என்று புரிய புனிதாவுக்கு இரண்டு வினாடி பிடித்தது. புரிந்ததும் திரையில் இருந்த வண்ணப் படத்தை ஃபோனில் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள். தெலுக் இந்தானிலிருந்து அக்கா நவமணி உடனே கூப்பிட்டாள்.

“என்னாடி ஸ்கேன் ரிப்போர்ட் இது? நெஞ்சா, வயிறா? நடுவுல செவப்பா இருக்கே!”

“செவப்பு இருக்கட்டும்க்கா. பாஸாயிடுச்சு!”

“டாக்டர் சொன்னாரா?”

புனிதா சிரித்த சிரிப்பில், கீழ்த்தளத்தில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்கள்.