கோயிலுக்குப் போன அரசாணிக்காய்

எங்கள் தோட்டத்தில் கிணற்றோரமாக ஒரு மூலை உண்டு. பருத்திக்கு அடிக்கிற மருந்தை அப்பா அங்கேதான் கலப்பார். மிச்சத்தையும் அங்கேயே கொட்டுவார். எறும்புகூட அந்தப் பக்கம் ஊராது. அப்பா அதைக் குறையாக நினைக்கவில்லை. மத்தியானம் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்கத் தோதான இடம் என்றார்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கோவையில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கிறவர்களுக்கே உரிய திமிரோடு, அந்த மூலையைச் சுத்தம் செய்யக் கிளம்பினேன். மக்கிய சாணமும் கரும்பாலைக் கழிவும் போட்டுக் கொத்திவிட்டு அரசாணி, அதாவது பரங்கி, விதை ஊன்றினேன். அரசாணிக் கொடி மண்ணிலிருக்கிற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். காயைத் தின்னக் கூடாது, மாட்டுக்கும் போடக் கூடாது, கொடியோடு பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். அப்பாவிடம் வாய் வலிக்கச் சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்குப் போனேன்.

லீவுக்கு வந்து பார்த்தால், கொடியிலிருந்த பெரிய காயைக் காணோம்.

"மொதக் காயாச்சே அம்மணி, காலைல கோயிலுக்குக் குடுத்துப்போட்டேன். இன்னிக்கு அங்க அன்னதானம்."

"திங்கக் கூடாதுன்னு சொன்னேனுங்கப்பா!"

"நாம திங்கலையே."

கத்திரியோ வெண்டையோ, எங்கள் தோட்டத்தில் முதலில் காய்த்தது கோயிலுக்குத்தான் போகும். அதை நான் மறந்திருக்கக் கூடாது. அப்பாவை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். வழியெல்லாம் அவருக்கு ஒரே கவலை: "காய் கசக்குதுன்னு மட்டும் சொல்லு. ஊருக்குள்ள மானத்த வாங்கிப்போடாதே."

இலை போட்டுப் பந்தி உட்கார்ந்துவிட்டது. குழம்பு அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. காய் கசக்கும் என்று சமையல்காரரிடம் சொன்னேன்.

"உங்க தோட்டத்துக் காயா கசக்கும்?" என்று அவர் கரண்டியில் ஒரு துண்டை எடுத்து ஊதி, வாய்க்குக் கொண்டுபோனார்.

"வாயில வெக்காதீங்க!" என்று அப்பா கத்தினார். "அது வெசமுங்க. எங்க மண்ணுல மருந்து ஏறிக் கெடக்குதுங்க."

அண்டாவை இறக்கி, குழி வெட்டிக் கொட்டினார்கள். சோற்றுக்கு ரசம் ஊற்றினார்கள். யாரும் திட்டவில்லை. பந்தியிலிருந்த ஒரு அம்மா மட்டும் மரியாதையாகவே கேட்டார்: "ஏனுங்க, வருசா வருசம் கத்திரிக்கா குடுத்தீங்களே, அது?"

கத்திரி அந்த மூலைக்குப் பக்கத்துப் பாத்தியில் காய்த்தது. அதற்கும் அதே மருந்துதான் அடித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலை அந்த மூலையிலிருந்து தூக்கிவந்து வாசலில் போட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அன்று மத்தியானம் அவர் படுக்கவில்லை. தோட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தார்.