நடுவில் நிற்காத குரல்

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்களுக்குள் அவருக்குப் பெயரே ‘காது’தான். மோட்டார்மேல் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, பிடியை இடது காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். பேரிங் தேய ஆரம்பித்தால் உள்ளே ஒரு முனகல் கேட்கும். அதைக் கோட்டை விட்டால் என்றாவது ஒரு நாள், ஆள் லிஃப்ட்டுக்குள் இருக்கும்போதே மோட்டார் தண்டு முறியும். அவர் “சுத்தமா இருக்கு” என்று சொல்லிவிட்டால் சூப்பர்வைசர்கூட மறுபேச்சுப் பேச மாட்டார். இருபத்தாறு வருஷமாக அந்தக் காதுதான் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு, அவளுடைய சின்ன அறையைப் பாட்டுக் கேட்கிற அறையாக்க ஆசைப்பட்டார். நாள் முழுக்க மோட்டார் இரைச்சல் கேட்கிற மனுஷன் ஆசைப்படக் கூடாதா என்ன? நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினால் ஸ்பீக்கரைத் தொட்டுவிடலாம், அவ்வளவுதான் இடம். கடைக்காரர் நியாயஸ்தர். இத்தனை கிட்டத்தில் கேட்கிறவருக்கு ஆளுயர ஸ்பீக்கர் வீண் என்று சொல்லி, மேஜைமேல் வைக்கிற சின்ன ஜோடியைக் கொடுத்தனுப்பினார். இரண்டுக்கும் நடுவே பாடுகிறவர் குரல் நேர் எதிரே நிற்க வேண்டும், நின்றால் நல்ல ஸ்பீக்கர் என்றும் சொல்லி வைத்தார்.

குரல் நடுவில் நிற்கவில்லை. வலப்பக்கம் சாய்ந்தது. இடது ஸ்பீக்கர் சோணங்கி என்று திட்டிக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஜோடியும் அதே கதை. மூன்றாவதும் அப்படியே. திரைச்சீலையை மாற்றினார், பீரோவை நகர்த்தினார், சுவரைத் தட்டிப் பார்த்தார். அறை வாசலில் நின்ற மனைவி, “ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்” என்று சிரித்தாள். அவருக்குச் சுருக்கென்றது. உலகத்தில் யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படுவார், தன் காதை மட்டும் மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலாவது ஜோடியோடு கடைக்காரரே வீட்டுக்கு வந்தார். ஒயர்களை இடம் வலம் மாற்றினார். குரல் அப்போதும் வலப்பக்கம். பெட்டிகளையே இடம் மாற்றினார். அப்போதும் வலப்பக்கம். கடைசியில் தானே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். கடைக்காரருக்குக் குரல் நட்டநடுவில் நின்றது. எழுந்துகொண்டார்.

“அண்ணே, நாற்காலியத் திருப்பிப் போடுங்க. ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உக்காருங்க.”

உட்கார்ந்தார். இதுவரை பளிச்சென்று பாடிய வலது ஸ்பீக்கர் இப்போது இடது காதுப் பக்கம் வந்தது. வந்ததும் மங்கிப் போனது. குரல் அறையின் அந்தக் கோடிக்குத் தாவி, மறுபடியும் அவருடைய வலது காதோடு ஒட்டிக்கொண்டது. நாலு ஜோடி ஸ்பீக்கர்மேலும் ஒரு குற்றமும் இல்லை.

வயசானால் எல்லாருக்கும் வருவதுதான், டாக்டரிடம் காட்டலாம் என்று கடைக்காரர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கோ நினைப்பெல்லாம் மோட்டார்கள்மேல் போய்விட்டது. கொஞ்ச நாளாகவே ஒரு மோட்டாரும் முனகவில்லை. தன் கை பட்டால் மோட்டார் வாயே திறக்காது என்று போன மாதம்தான் கூட வேலை செய்கிறவர்களிடம் பீற்றிக்கொண்டார். ஐயோ, எப்பேர்ப்பட்ட பெருமை! ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பதினாலு மாடிக் குடியிருப்பு, எல்லாம் சுத்தமாக இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. எந்த நாளிலிருந்து இடது காது போனது என்று மட்டும் தெரியவில்லை. வெளியே சொன்னால் அன்றோடு பிழைப்புப் போச்சு. மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னங்க என்று கேட்டாள். அவர் சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

“லிஃப்ட்டை நிறுத்தணும் சார். இப்பவே.”

“எந்த லிஃப்ட்டைண்ணே?”

பாட்டை நிறுத்தினார்.

“நான் நல்லா இருக்குன்னு சொன்னது எல்லாத்தையும்.”